மதுரைக்கு ஒரு பாலியல் நலக் காட்சிக்கூடம்: கட்டடமா, வண்டியா?

வடக்குமாசி:
பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்தான் நம் ஊர் ஆண்களுக்குக் கிடைக்கும் பாலியல் கல்வி. "நரம்புத் தளர்ச்சியா? சிறுத்துவிட்டதா? லாட்ஜில் மாதம் ஒருநாள் முகாம்." இப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கிழித்தால் மறுநாள் இன்னொன்று முளைக்கிறது. அதே கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்டுச் சரியான பதில் வாங்க ஊரில் ஓர் இடம் வரும்வரை இது நிற்காது.

என் யோசனை இதுதான். தரைத்தளத்தில் 2,500 சதுர அடி, மூன்று அறைகள், இலவச அனுமதி. முதல் அறையில் உடம்பு எப்படி வேலை செய்கிறது. இரண்டாவதில் மாதவிடாய், கருத்தரிப்பு, கருத்தடை. மூன்றாவதில் தொற்றுகளும் பரிசோதனையும். பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும், ஆனால் ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் வேண்டாம்.

உலகத்துக்கு இது புதிதில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1911-இல் நடந்த சுகாதாரக் கண்காட்சியை 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்த மியூசியம் இன்றும் நடக்கிறது. அங்கே 1930-இல் வைத்த 'கண்ணாடி மனிதன்' உருவத்தில் உள்ளுறுப்பெல்லாம் விளக்கெரிந்து தெரியும். மும்பையில் மாநகராட்சியின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 2002-இல் 'அந்தரங்க்' என்ற காட்சிக்கூடத்தை காமாட்டிபுரா பகுதியில் திறந்தது. லண்டனில் 2019-இல் பெண்ணுறுப்புக்கென்றே ஒரு மியூசியம் வந்தது. டிரெஸ்டனிடம் ஓர் எச்சரிக்கையும் உண்டு: நாஜி ஆட்சியில் அதே மியூசியம் இனத்தூய்மைப் பிரச்சாரத்துக்குக் கருவியானது. அதனால் நிர்வாகக் குழுவில் அரசு அதிகாரிகள் மட்டும் உட்காரக் கூடாது.

முதல் அறையின் முதல் பொருளாக இருமல் மருந்து பாட்டிலின் மூடியை வைக்க வேண்டும். அதில் 5 மில்லி கோடு வரை வெள்ளைத் திரவம். பக்கத்தில் இரண்டே வரி: "ஒரு முறை வெளியேறும் விந்து ஏறக்குறைய இவ்வளவு, பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இது ரத்தத்தைச் சுண்டக் காய்ச்சி வருவதல்ல. விதைகளிலும் அருகிலுள்ள சுரப்பிகளிலும் நாள்தோறும் ஊறுவது." 'ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம்' என்று நம்பி உடல் மெலிந்து, தூக்கம் கெட்டு வருகிறவர்களின் நிலைக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். லாட்ஜ் வைத்தியர்களின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரு பயத்திலிருந்துதான் வருகிறது.

கொட்டாம்பட்டி நர்ஸ்:
நோக்கம் நல்லதுதான் சார். ஆனா கட்டடத்தை நான் எதிர்க்கிறேன். யாரு உள்ளே வருவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. காலேஜ் பசங்க கூட்டமா வருவாங்க, சிரிச்சுட்டுப் போவாங்க. உசிலம்பட்டியிலேர்ந்து வெள்ளைப்படுதலோட அவதிப்படுற 38 வயசு அம்மா இரண்டு பஸ் மாறி உங்க மூணு அறையைப் பார்க்க வரமாட்டாங்க.

பக்கத்து மாவட்டத்துலயே சான்று இருக்கு. திண்டுக்கல் மாவட்டத்துல 2000-ல தொடங்கி, அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும் கூட நின்ன கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு. பயிற்சி பெற்ற நர்சுங்க ஊர் ஊராப் போய் 30 முதல் 59 வயசுப் பெண்களை அழைச்சாங்க. கருப்பைவாயில அசெட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளையா மாறுற இடத்தைப் பார்க்கிற சோதனை. அழைக்கப்பட்ட சுமார் 49,000 பேர்ல 31,000-க்கு மேல சோதனைக்கு வந்தாங்க. ஏழு வருஷத்துல, சோதனை நடக்காத கிராமங்களோட ஒப்பிட்டா, அந்தக் கிராமங்கள்ல நோய் 25 சதவீதம், சாவு 35 சதவீதம் குறைஞ்சது. 2007-ல லான்செட் மருத்துவ இதழ்ல வெளியாச்சு. இதுக்கு மியூசியம் தேவைப்படல. ஆளுங்க போனாங்க, அவ்வளவுதான்.

அதனால பணம் இருந்தா ஒரு பஸ்ஸை வாங்கி உள்ளே காட்சி அமைங்க. 2007 டிசம்பர் 1-ஆம் தேதி டெல்லியிலேர்ந்து எய்ட்ஸ் விழிப்புணர்வுக் காட்சியோட கிளம்பின ரெட் ரிப்பன் எக்ஸ்பிரஸ் ரயில் அதைத்தானே செஞ்சது?

வடக்குமாசி:
அம்பிளிக்கை ஆய்வைச் சொன்னதற்கு நன்றி மேடம். அதைக் காட்சியாகவே வைக்க வேண்டும். ஆனால் அது 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களை வீடு தேடிப் போய் அழைத்த திட்டம். 19 வயதுப் பையன் வீட்டு வாசலில் போய் "தம்பி, உனக்கு என்ன சந்தேகம்?" என்று யார் கேட்பார்கள்? அவன் தானே தேடி வரக்கூடிய இடம் வேண்டும்.

இன்னொன்று வெயில். மே மாதம் மதுரையில் நிழலிலேயே 40 டிகிரி. நிறுத்தி வைத்த பஸ்ஸுக்குள் 50-ஐத் தாண்டும். ஆணுறையை நீண்ட நாள் வைக்க 30 டிகிரிக்குக் கீழே இருப்பது நல்லது. சூட்டில் லேடெக்ஸ் மூப்படைந்து எளிதில் கிழியும். விரைவுப் பரிசோதனைக் கிட்டுகளுக்கும் பெரும்பாலும் அதே 30 டிகிரிதான் உச்சவரம்பு. ஒட்டிய ஸ்டிக்கர்கள் இரண்டே வாரத்தில் ஓரம் சுருளும்.

கொட்டாம்பட்டி நர்ஸ்:
கிட்டுக்கு வேக்சின் கேரியர், அதான் தடுப்பூசி கொண்டு போற குளிர்பெட்டி, போதும். நாலு ஐஸ்பேக். ஃபிரீசர்லேர்ந்து எடுத்த உடனே உள்ளே வைக்கக் கூடாது. வெளியே வெச்சு, குலுக்கினா உள்ளே தண்ணி அலம்புற சத்தம் கேட்கணும், அப்புறம்தான் வைக்கணும். இல்லேன்னா கிட்டு உறைஞ்சு, சோதனை சரியா நடந்துச்சான்னு காட்டுற கட்டுப்பாட்டுக் கோடே வராம போகலாம். ஆணுறையை வண்டியில சேமிக்கவே வேண்டாம், அன்னன்னைக்கு வேணுங்கிறதை மட்டும் ஏத்துங்க. இதெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல் இல்லை.

தோல்மருத்துவம்:
கட்டடமோ வண்டியோ, உள்ளே என்ன வைக்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் நோயாளிகளின் உடலிலிருந்தே அச்செடுத்த 4,800-க்கும் மேற்பட்ட மெழுகு வார்ப்புகள் இருக்கின்றன. மேகப்புண், தடிப்பு, அழுகல் எல்லாம் அசல் நிறத்தில். ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைப் பார்த்துத்தான் நோயை அடையாளம் காணக் கற்றார்கள். பொதுமக்களுக்கும் அப்படித்தான் காட்ட வேண்டும். கார்ட்டூன் போட்டால் யாருக்கும் நோயின் கனம் புரியாது.

கொட்டாம்பட்டி நர்ஸ்:
இதை ரொம்ப வன்மையா மறுக்கிறேன் டாக்டர். வார்ப்புல வெச்சிருக்கிறது முத்திப் போன நிலை. அதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போறவன் தன் உடம்புல சின்னதா, வலியே இல்லாம இருக்கிற புண்ணைப் பார்ப்பான். "அது இப்படி இல்லையே, அப்ப நமக்கு ஒண்ணுமில்லை"ன்னு முடிவு பண்ணிக்குவான். சிஃபிலிஸ்ங்கிற மேகப்புண் நோயோட முதல் புண்ணு வலிக்காதுங்கிறதுதான் அதுல இருக்கிற பெரிய ஆபத்து. தொத்தி ஏறக்குறைய மூணு வாரத்துல வரும். மருந்தே போடாட்டியும் மூணு முதல் ஆறு வாரத்துல தானே ஆறிடும். ஆறிடுச்சுன்னு நிம்மதியா இருப்பான். கிருமி உள்ளே இருந்துகிட்டே இருக்கும். அப்புறம் உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் அரிப்பில்லாத தடிப்பா வரும்.

தொண்ணூறுகள்ல மண்டையோடும் எலும்பும் போட்டு எய்ட்ஸ் போஸ்டர் ஒட்டினோம். ஜனங்க சோதனைக்கா வந்தாங்க? நோய் இருந்தவங்களுக்கு வாடகை வீடு கிடைக்காம போச்சு. அதுக்கப்புறம் வந்த 'புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?'ங்கிற விளம்பரத்தைக் கேலி பண்ணாங்க, திட்டினாங்க, ஆனா டீக்கடையில பேசவாவது செஞ்சாங்க.

தோல்மருத்துவம்:
முதல் புண்ணைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் வரிசையை மாற்றுவோம். முற்றிய நிலை ஒன்றுகூட வேண்டாம். ஒரே மேசையில் நான்கு சிறிய வார்ப்புகள்: வலியில்லாத ஒற்றைப் புண், ஹெர்பீஸின் கொத்துக் கொப்புளம், பாலுண்ணி, நான்காவதாக நோயே இல்லாத இயல்பான முத்துமுத்தான பருக்கள். அந்த நான்காவதைப் பார்த்துப் பயந்து மருந்து வாங்கித் தின்கிற இளைஞர்கள் ஏராளம். ஆண்குறி முனையைச் சுற்றி வரிசையாக வரும் அந்தப் பருக்கள் தொற்று அல்ல, சிகிச்சையும் தேவையில்லை. வார்ப்புக்கு அடியில் விலை எழுதுவதுபோல மருந்தையும் சொல்லலாம்: ஆரம்பநிலை சிஃபிலிஸுக்கு பென்சாதின் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், பெரும்பாலும் ஒரே தவணை. பயத்தைவிட இந்த வரி அதிகம் பேசும். ஆனால் மெழுகைத் தவிர வேறு எதில் இந்த நுணுக்கம் வரும் என்று தெரியவில்லை.

மண்பொம்மை:
மெழுகு வேணவே வேணாம்ண்ணே, ஒரு சித்திரை தாங்காது. விளாச்சேரியில கொலு பொம்மை செய்யற கை இருக்கு. பெரிய உருவம், அதாவது கருப்பை, சினைப்பை, இடுப்பெலும்பு மாதிரி மூணு மடங்கு பெருசாக் காட்டுறதெல்லாம் காகிதக்கூழ்ல அருமையா வரும், எடையும் கம்மி, கீழே விழுந்தாலும் உடையாது. கழட்டி மாட்டுற பாகத்துக்கு உள்ளே காந்தம் பதிச்சிடலாம்.

தொட்டுப் பார்க்கிற பாகம், டாக்டர் சொல்ற புண்ணு வார்ப்பு இதுக்கெல்லாம் சிலிக்கோன்தான். பிளாட்டினம் வகை, ஏ, பின்னு ரெண்டு திரவமா வரும், சமமா எடை போட்டுக் கலக்கணும். ஒரு எச்சரிக்கை. கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ல மூல உருவம் செஞ்சா சிலிக்கோன் இறுகாது, மேலே பிசுபிசுன்னே கிடக்கும். லேடெக்ஸ் கிளவுஸ் போட்டுக்கிட்டு வேலை பார்த்தாலும் அதே கதி. நைட்ரைல் கிளவுஸ் போடுங்க. மொத்தத்தையும் ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்துல கொஞ்சம் ஊத்திச் சோதிங்க. இறுகின சிலிக்கோன் தூசியை இழுக்கும். தினமும் சோப்புத் தண்ணியில துடைச்சு, காயவெச்சு, மேலே லேசா சோளமாவு தூவினா ஒட்டாது.

பெண்ணுறுப்பு மாடல் செய்யறப்போ ஒண்ணைத் தவறாமச் செய்யணும். கிளிட்டோரிஸ் வெளியே தெரியற மொட்டு மட்டும் இல்ல, உள்ளே ரெண்டு காலா இறங்கி ஏறக்குறைய 10 செ.மீ. வரை போகுது. 2016-ல பிரான்சுல ஒடீல் ஃபியோ அதுக்கு முப்பரிமாண அச்சு மாடல் செஞ்சு இலவசமா வெளியிட்டாங்க. அதை அச்செடுத்து அப்படியே வார்த்துடலாம்.

முகவை மருந்தாளுநர்:
மூன்றாவது அறையில் அரசு மையங்களில் தரும் பால்வினை நோய் மருந்துப் பைகளை வண்ணத்தோடு காட்டலாமே? சாம்பல் பை நீர்க்கசிவுக்கு, பச்சை வெள்ளைப்படுதலுக்கு, வெள்ளை புண்ணுக்கு, சிவப்பு ஹெர்பீஸுக்கு. வண்ணம் பார்த்தால் மறக்காது.

தோல்மருத்துவம்:
தயவுசெய்து வேண்டாம். அந்த வண்ணங்கள் மருந்தைக் கொடுப்பவர் குழம்பாமலிருக்க வைத்தவை. பார்வையாளர் மனதில் "எனக்குச் சாம்பல்" என்று பதிந்தால் நேரே மெடிக்கலில் போய் அஸித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் பாதி அளவில் வாங்கி விழுங்குவார். கொனோரியா எனும் வெட்டை நோயின் கிருமிக்கு மருந்து கேட்காமல் போவது இப்படித்தான் கூடுகிறது. கணவனோ மனைவியோ கூடவே சிகிச்சை எடுக்காவிட்டால் திரும்ப வரலாம் என்பதும் பையின் நிறத்தில் தெரியாது. காட்சியில் ஒரு பெயர்ப்பலகை போதும்: சுகவாழ்வு மையம் (அரசின் பால்வினை நோய் சிகிச்சை மையம்), எந்தக் கட்டடம், எந்த அறை எண்.

முகவை மருந்தாளுநர்:
சரி, திரும்பப் பெறுகிறேன். பதிலாக ஆணுறை மேசையைப் பற்றி. பெரும்பாலான கண்காட்சிகளில் ஆணுறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. மரத்தில் கடைந்த மாடல் வைத்து, கையில் கொடுத்துச் செய்ய வைக்க வேண்டும்.

காலாவதித் தேதி பார். பாக்கெட்டை விரலால் அழுத்து, காற்று அடைத்த மெத்தைபோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஓட்டை. பல்லால் கிழிக்காதே. சுருள் வெளிப்பக்கம் இருக்கிறதா பார். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்று, அடிவரை உருட்டு. முடிந்ததும் விறைப்பு தளரும் முன்பே அடியைப் பிடித்துக்கொண்டு எடு. முடிச்சுப் போட்டுக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடு. மக்கள் தவறு செய்வது மூன்று இடத்தில்: தலைகீழாக வைத்து, உருளவில்லை என்றதும் திருப்பி அதையே போடுவது, நுனியில் காற்றை விட்டுவிடுவது, பாதுகாப்பு கூடும் என்று இரண்டைச் சேர்த்து அணிவது.

நம் ஊருக்கென்று நான்காவது தவறு தேங்காய் எண்ணெய். இதை நேரில் காட்ட வேண்டும். ஆணுறையின் மேலுள்ள உயவைத் துடைத்துவிட்டு, பலூன் பம்ப்பால் இளநீர்க்காய் அளவுக்கு ஊதி முடிச்சிடவும். ஒன்றின் மேல் தண்ணீர் கலந்த உயவுப்பசை, இன்னொன்றின் மேல் குழந்தைக்குத் தடவும் மினரல் ஆயில். விரலால் தொடர்ந்து தேய்க்கவும். எண்ணெய் பட்ட இடம் மங்கி, மெலிந்து, சட்டென்று வெடிக்கும். பசை தடவியது அப்படியே நிற்கும். தேங்காய் எண்ணெயிலும் இதுவே நடக்கும், நேரம் மட்டும் கூடக்குறைய ஆகும். அதனால் கூட்டத்துக்கு முன்னால் மினரல் ஆயிலும், பக்கத்து மேசையில் பொறுமையாகப் பார்ப்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெயும் வையுங்கள்.

கூடல்நகர்:
ஒரு சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. பலகைகளில் 'மர்ம உறுப்பு' என்று எழுதினால் அந்த இடத்துக்கே நான் வரமாட்டேன். பத்திரிகைகள் பழக்கிய சொல் அது. மர்மம் என்றால் கேட்கக் கூடாதது. குழந்தைக்கு ஏதாவது நடந்தால் எங்கே தொட்டார்கள் என்று சொல்லக்கூடச் சொல் இருக்காது. ஆண்குறி, விதைப்பை, யோனி, கருப்பைவாய் என்று எழுதுங்கள். கீழே சிறிய எழுத்தில் மக்கள் சொல்வதையும் போடுங்கள்: வெட்டை, மேகம், தூரம், வீட்டுக்கு விலக்கு. அப்போதுதான் தன் பாட்டி சொன்னது இதுதான் என்று ஒருவருக்குப் புரியும். 'கன்னித்திரை' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பெட்டியே வேண்டும்: பிறவியிலேயே அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்று ஐந்தாறு சிறு வார்ப்புகள், அதைப் பார்த்து யாருடைய கடந்த காலத்தையும் சொல்ல முடியாது என்ற ஒரு வரி. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் மருத்துவர்கள் செய்துவந்த இருவிரல் சோதனையை 2013-இலும் 2022-இலும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம், ஆண்களுக்குச் செவ்வாய், பெண்களுக்குப் புதன் என்று நாள் பிரிக்காதீர்கள். திருநங்கைகளும் திருநம்பிகளும் எந்த நாளில் வருவது? புதிதாகக் கல்யாணமான ஜோடி?

கொட்டாம்பட்டி நர்ஸ்:
நாள் பிரிக்கலேன்னா கிராமத்துப் பொண்ணுங்க வரமாட்டாங்க தங்கம். ஆம்பளைங்க நிக்கிற இடத்துல கருப்பை மாடலைக் கையில எடுத்துப் பார்ப்பாங்களா? காலையில 10 முதல் 12 பெண்களுக்கு மட்டும், மத்த நேரம் எல்லாருக்கும்னு வையுங்க. அந்த இரண்டு மணி நேரத்துல திருநங்கைகளும் வரலாம்.

கறுப்புக்கோட்டு:
சட்டப்படி சில குறிப்புகள். பாரதிய நியாய சன்ஹிதா 294-ஆம் பிரிவு ஆபாசப் பிரசுரத்தைத் தண்டிக்கிறது. ஆனால் அறிவியல், கல்வி, கலை நோக்கில் பொதுநன்மைக்காக இருப்பதற்கு அதிலேயே விலக்கு உண்டு. அந்த விலக்கு வாயால் சொன்னால் நிற்காது. ஒவ்வொரு காட்சிப்பொருளுக்கும் என்ன கற்பிக்கிறது, யார் சரிபார்த்தார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பைக் கோப்பில் வைத்திருங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வரும் பகுதியில் புகைப்படம் வேண்டாம். கோட்டுப்படமும் மாடலும் போதும். நோயாளியின் உடலிலிருந்து அச்செடுத்தால் எழுத்துமூல ஒப்புதல் கட்டாயம். எச்ஐவி பரிசோதனை நடக்கும் இடமென்றால் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும்: ஒப்புதல் இல்லாமல் சோதனை கூடாது, ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே ஆலோசனை அறைப் பக்கம் சிசிடிவி, வருகைப் பதிவேடு இரண்டும் வேண்டாம்.

வடக்குமாசி:
இதுவரை பேசியதில் என் வரைபடம் நிறைய மாறிவிட்டது. பலகைகளைப் பாதியாகக் குறைக்கிறேன். தமுக்கத்துக் காந்தி மியூசியத்தில் ரத்தக்கறை படிந்த அந்த ஒரு துணிக்கு முன்னால் மக்கள் நிற்பதைப் பாருங்கள். சுவர் முழுக்க எழுதியிருப்பதை அப்படி நின்று படிப்பதில்லை. மூடி, நான்கு வார்ப்பு, ஊதிய ஆணுறை, கழட்டி மாட்டும் இடுப்பெலும்பு. ஏறக்குறைய முப்பது பொருள் போதும்.

ஆனால் கட்டடத்தை விடமாட்டேன் மேடம். வண்டி ஊருக்கு வரும், மறுநாள் போய்விடும். ஆணுறை கிழிந்து பயந்து நிற்கிறவருக்கு 72 மணி நேரம்தான் இருக்கிறது. அதற்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். வண்டி அடுத்து எப்போது வரும் என்று அவர் காத்திருக்க முடியாது.

கொட்டாம்பட்டி நர்ஸ்:
அது சரியான பாயிண்ட். 72 மணி நேரத்துக்கு நிலையான இடம் வேணும், ஒத்துக்கிறேன். ஆனா அந்த இடம் உங்க கூடம்னு ஏன் சொல்றீங்க? எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தர்ற அரசோட நம்பிக்கை மையம் ஏற்கெனவே இருக்கு. எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு போன் பண்ணா எங்கே போகணும்னு சொல்றாங்க. உங்க மூணாவது அறையிலேர்ந்து நம்பிக்கை மையத்துக்கு எத்தனை அடின்னு சொல்லுங்க. ரோட்டைத் தாண்டி, ஓபி சீட்டு வரிசையில நின்னு, "எதுக்கு வந்தே"ன்னு சத்தமாக் கேட்கிற கவுன்டரைத் தாண்டித்தான் போகணும்னா, காட்சி பார்த்தவன் பாதி வழியிலேயே பஸ் ஏறிடுவான்.

வடக்குமாசி:
தெருவில் தெரிவது ஒரே வாசல்தான். மூன்றாவது அறையில் வெளியேறும் வழி இரண்டு: ஒன்று தெருவுக்கு, இன்னொன்று ஆலோசகர் அறைக்கு. இரண்டும் ஒரே வராந்தாவில் முடியும், அதனால் யார் எதில் வந்தார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. நம்பிக்கை மையத்தின் கிளை ஒன்றை அந்த அறைக்குக் கேட்க வேண்டும். சீட்டு வேண்டாம், எண் போட்ட டோக்கன் போதும்.

கொட்டாம்பட்டி நர்ஸ்:
ஆலோசகர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?

வடக்குமாசி:
அலுவலக நேரம்தான் யோசித்தேன்.

கொட்டாம்பட்டி நர்ஸ்:
அப்ப மில்லு வேலைக்காரனும் கட்டட வேலைக்காரனும் வரமுடியாது சார். சாயங்காலம் 4 முதல் 8, ஞாயித்துக்கிழமையும் சேர்த்து, ஆண் ஆலோசகர் ஒருத்தர், பெண் ஆலோசகர் ஒருத்தர். இரண்டு பேருக்கும் ஒப்பந்தச் சம்பளம் மாசாமாசம் எந்தத் தலைப்புல வரும்னு எழுதிக் காட்டுங்க. அது எழுத்துல வந்தா கட்டடத்துக்கு என் ஓட்டு. வரலேன்னா அந்தப் பணத்துல வண்டியை வாங்கி, மொதல்ல மேலூர் சந்தை நாள்ல நிறுத்துவோம்.

மண்பொம்மை:
இரண்டுல எதுவானாலும் பொம்மை ஒண்ணுதான். காகிதக்கூழ் காய ஒரு வாரம் ஆகும், மழைன்னா இரண்டு வாரம். இடுப்பெலும்பு அளவை மட்டும் டாக்டர் சீக்கிரம் அனுப்புங்க.